உசாத்துணை எழுதுவது எப்படி: யாழ்ப்பாணத்தில் ஆய்வு செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உசாத்துணைப் பட்டியலை, அதாவது ஆய்வுக்குப் பயன்படுத்திய மூலங்களின் பட்டியலை, பலர் ஆய்வேடு ஒப்படைக்கும் கடைசி வாரத்தில்தான் தொடங்குகிறார்கள். அதற்குள் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பிப் போயிருக்கும். போட்டோகொப்பியில் தலைப்புப் பக்கம் இருக்காது. போனில் எடுத்த படத்தில் பக்க எண் வெட்டுப்பட்டிருக்கும். பிறகு நடப்பது ஊகம்தான். பரிசோதகர் ஒரு மேற்கோளைத் தேடிப் பார்த்து அது அந்தப் பக்கத்தில் இல்லையென்று கண்டால், மற்ற மேற்கோள்களையும் அதே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்குக் கூடுதல் கனம் உண்டு. 1981 மே 31 இரவுக்கும் ஜூன் 1க்கும் இடையில் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அங்கிருந்த அரிய பிரதிகளைப் பற்றி அறிய இன்று முந்தையோர் தம் அடிக்குறிப்புகளில் விட்டுச்சென்ற வரிகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. இங்குள்ள மூலங்கள் இடம் மாறியிருக்கின்றன, மறுபதிப்பாகியிருக்கின்றன, வீட்டு அலுமாரிகளுக்குள் கிடக்கின்றன. ஆகவே கீழே சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள விதி ஒன்றுதான்: எந்தப் பிரதியைக் கண்ணால் பார்த்தீர்களோ அதையே பதியுங்கள், எங்கே பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துப் பதியுங்கள்.

1. எந்த மேற்கோள் நடை என்பதை முதல் நாளே கேளுங்கள்

மருத்துவத்தில் பெரும்பாலும் வான்கூவர் நடை, அதாவது உரைக்குள் எண், கடைசியில் அந்த எண் வரிசையில் பட்டியல். பொறியியலில் ஐஇஇஇ, அதுவும் எண்முறைதான். கல்வியியல், உளவியல், சமூகவியலில் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடை) 7ஆம் பதிப்பு, அதாவது உரைக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும். வரலாறு, தொல்லியல், தமிழ் இலக்கியத்தில் அடிக்குறிப்புக் கேட்கும் சிக்காகோ நடை அல்லது துறைக்கென்று உள்ள ஒரு வழக்கம். துறையின் ஆய்வேட்டுக் கைந்நூலைக் கேட்டு வாங்குங்கள். கைந்நூல் இல்லையென்றால், அண்மையில் அதே துறையில் ஏற்கப்பட்ட ஆய்வேடு ஒன்றை நூலகத்தில் எடுத்துப் பார்த்து, மேற்பார்வையாளரிடம் அதைக் காட்டி "இதே மாதிரியா?" என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். "ஏபிஏ" என்று வாயால் சொல்லப்பட்டால் எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள். 6ஆம் பதிப்பில் பதிப்பகத்தின் ஊர் வேண்டும், 7இல் வேண்டாம். 7இல் மூன்று ஆசிரியர் இருந்தாலே முதல் மேற்கோளிலிருந்து "முதல் ஆசிரியரும் பிறரும்" என்று சுருக்கிவிடலாம்.

கட்டுரையைத் தமிழில் எழுதுகிறீர்களா ஆங்கிலத்திலா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். தமிழ்க் கட்டுரையில் ஆங்கில நூல்கள் இருக்கும். ஆங்கிலக் கட்டுரையில் தமிழ் நூல்கள் இருக்கும். தமிழ்க் கட்டுரைகளில் தமிழ்ப் பட்டியலும் ஆங்கிலப் பட்டியலும் தனித்தனியே வருவது நம் பல்கலைக்கழகங்களில் பரவலான வழக்கம். ஆங்கிலக் கட்டுரையில் தமிழ்த் தலைப்பை ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருளைத் தருவது ஏபிஏ முறை. ஒலிபெயர்ப்புக்கு ஒரே முறையைத் தேர்ந்து கடைசிவரை அதையே பிடியுங்கள்.

2. மூலம் கைக்கு வந்த முதல் ஐந்து நிமிடம்

படிக்கத் தொடங்குமுன் நான்கு படம் எடுங்கள்: அட்டை, தலைப்புப் பக்கம், தலைப்புப் பக்கத்தின் பின்புறம், உள்ளடக்கப் பக்கம். பின்புறம்தான் முக்கியம். முதற்பதிப்பு ஆண்டு, மறுபதிப்பு ஆண்டு, பதிப்பகம், அச்சகம், ஐஎஸ்பிஎன் (நூலுக்குரிய சர்வதேச எண்) எல்லாம் அங்கேதான் இருக்கும். 978-955, 978-624 என்று தொடங்கும் எண்கள் இலங்கையில் வெளியானவை. சஞ்சிகையாக இருந்தால் மலர் எண், இதழ் எண், மாதம் தெரியும் முகப்பையும் கட்டுரையின் முதல், கடைசிப் பக்கங்களையும் எடுங்கள்.

அச்சகத்தையும் பதிப்பகத்தையும் குழப்பாதீர்கள். யாழ்ப்பாணத்து வெளியீடுகளில் அச்சகத்தின் பெயர் பெரிதாகவும் வெளியிட்டவரின் பெயர் சிறிதாகவும் இருப்பது சாதாரணம். பட்டியலில் வர வேண்டியவர் வெளியிட்டவர். நூலாசிரியரே வெளியிட்டிருந்தால் "ஆசிரியர் வெளியீடு" என்று எழுதலாம். வெளியீட்டாளரே தெரியாத பழைய நூலுக்கு மட்டும் அச்சகத்தைத் தாருங்கள்.

குறிப்பெடுக்கும்போது மூன்று வகையைப் பிரித்தே எழுதுங்கள். நூலில் உள்ள சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோட்குறிக்குள் இட்டுப் பக்க எண். கருத்தை உங்கள் சொற்களில் எழுதினால் குறி இல்லாமல், ஆனால் பக்க எண்ணோடு. உங்கள் சொந்த எண்ணமென்றால் வேறு நிற மையில் அல்லது வரியின் முன் ஒரு நட்சத்திரத்தோடு. ஆறு மாதம் கழித்துக் கொப்பியைத் திறக்கும்போது எது உங்கள் வசனம், எது நூலின் வசனம் என்று தெரியாமல் போவதுதான் திருட்டெழுத்துக் குற்றச்சாட்டில் மாணவரை அதிகம் மாட்டிவிடுகிறது. வேண்டுமென்று களவெடுப்பவர் குறைவு, பிரிக்காமல் எழுதி அகப்படுபவர் அதிகம். சொற்களை மாற்றி எழுதிவிட்டால் உசாத்துணை வேண்டாம் என்ற நம்பிக்கையும் பிழை. கருத்து யாருடையதோ அவரைச் சொல்லத்தான் வேண்டும்.

3. மென்பொருள்: ஜொட்டெரோ

முப்பது மூலங்களுக்கு மேல் போகும் எந்த வேலைக்கும், மூலங்களைப் பதிந்து வைத்து மேற்கோளையும் பட்டியலையும் தானே அமைக்கும் ஜொட்டெரோ போன்ற மென்பொருள் வேண்டும். மென்டெலி, எண்ட்நோட் ஆகியவையும் உண்டு. எண்ட்நோட் காசு கேட்கும். ஜொட்டெரோ இலவசம், திறமூலம், விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இணையம் இல்லாத நேரத்திலும் வேலை செய்யும். தமிழ் மூலங்களைக் கையாலே பதிய வேண்டியிருப்பவர்களுக்கும் அதுவே வசதி.

நிறுவும் ஒழுங்கு இது. முதலில் கணினியில் ஜொட்டெரோவை நிறுவுங்கள். பிறகு உலாவிக்கான கனெக்டரை, அதாவது இணையப் பக்கத்திலிருந்து பதிவை எடுக்கும் துணைநிரலைச் சேருங்கள். பிறகு கணக்கொன்று திறந்து, அமைப்புகளில் ஒத்திசைவை இயக்குங்கள். இலவசக் கணக்கில் கோப்புகளுக்கு 300 எம்பி மட்டும்தான். ஸ்கான் செய்த பழைய நூல்களின் பிடிஎஃப்கள் பருமனானவை, பத்துப் பன்னிரண்டு நூலிலேயே இடம் முடிந்துபோகலாம். அதற்காகக் காசு கட்டத் தேவையில்லை. ஒத்திசைவு அமைப்பில் கோப்புகளுக்கான தெரிவை மட்டும் நிறுத்திவிடுங்கள். பதிவுகளும் குறிப்புகளும் வரம்பில்லாமல் தொடர்ந்து ஒத்திசையும், பிடிஎஃப்கள் உங்கள் கணினியில் மட்டும் இருக்கும்.

அப்படிச் செய்தால் காப்புப் பிரதி உங்கள் பொறுப்பு. ஜொட்டெரோவை மூடிவிட்டு அதன் தரவுக் கோப்புறையை முழுதாக வெளி வன்தட்டிலோ பென்டிரைவிலோ வாரம் ஒருமுறை பிரதி எடுங்கள். அந்தக் கோப்புறையையே கூகுள் டிரைவ் அல்லது டிராப்பொக்ஸ் கோப்புறைக்குள் நகர்த்தி வைக்காதீர்கள். இரண்டு மென்பொருளும் ஒரே நேரத்தில் தரவுத்தளத்தைத் தொடும்போது அது பழுதாகும். பல பேருடைய மொத்தத் தொகுப்பும் போனது இந்த வழியில்தான்.

பதிவு சேர்க்க மூன்று வழி. டிஓஐ எண்ணோ (இணையத்தில் உள்ள கட்டுரைக்குரிய நிலையான அடையாள எண்) ஐஎஸ்பிஎன்னோ இருந்தால் மந்திரக்கோல் படம் உள்ள பொத்தானை அழுத்தி எண்ணை ஒட்டுங்கள். டிஓஐ எப்போதும் 10 என்ற எண்ணும் ஒரு புள்ளியுமாகத் தொடங்கும். இணையத்தில் கட்டுரையின் பக்கத்தில் நிற்கிறீர்களென்றால் கனெக்டர் பொத்தானை அழுத்துங்கள். இலங்கை ஆய்விதழ்கள் பலவற்றை எஸ்எல்ஜேஓஎல் (ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்) தளத்தில் இப்படியே எடுக்கலாம். இரண்டும் சரிவராவிட்டால் கையால் புதிய பதிவு திறவுங்கள். தமிழ் நூல்களுக்குப் பெரும்பாலும் மூன்றாவது வழிதான் என்று மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. இலங்கை ஐஎஸ்பிஎன் பலவற்றுக்கு உலகப் பட்டியல்களில் தகவலே கிடைக்காது. கிடைத்தாலும் தலைப்பு ஆங்கில எழுத்தில் வரும்.

எந்த வழியில் வந்த பதிவாக இருந்தாலும் உடனே கண்ணால் சரிபாருங்கள். தானாக வரும் பதிவில் அடிக்கடி பிழைப்பவை: ஆசிரியரின் முதற்பெயரும் குடும்பப்பெயரும் இடம் மாறியிருத்தல், தலைப்பு முழுதும் பெரிய எழுத்தில் இருத்தல், கட்டுரை "வலைப்பக்கம்" என்ற வகையில் விழுந்திருத்தல், பக்க எண் இல்லாமை. வகை பிழைத்தால் நடை முழுதும் பிழைக்கும். பதிப்பித்த நூலில் ஒரு அத்தியாயத்தைப் பயன்படுத்தினால் வகை "நூற்பகுதி" ஆக இருக்க வேண்டும், அத்தியாய ஆசிரியரும் பதிப்பாசிரியரும் தனித்தனியே வர வேண்டும். இங்கே மாணவர் செய்யும் பிழை ஒன்றே: அத்தியாயத்தை எழுதியவரை விட்டுவிட்டுப் பதிப்பாசிரியரின் பெயரில் மேற்கோள் காட்டிவிடுவார்கள்.

தொகுப்புகளை அத்தியாய வாரியாகப் பிரியுங்கள். ஒரே பதிவை மூன்று தொகுப்பில் இழுத்துப் போட்டாலும் அது ஒரே பதிவுதான், ஒரு இடத்தில் திருத்தினால் எங்கும் திருந்தும். ஆனால் அதே நூலை இரண்டாம் முறை புதிதாகச் சேர்த்தால் அது வேறு பதிவு. கடைசியில் பட்டியலில் ஒரே நூல் 2006அ, 2006ஆ என்று இரட்டையாக நிற்பது இதனால்தான். மாதம் ஒருமுறை இரட்டைப் பதிவுகள் பட்டியலைத் திறந்து இணையுங்கள்.

4. தமிழ்ப் பெயரை எப்படிப் பதிவது

நம் பெயரில் தலைப்பெழுத்து தகப்பனுடையது, பெயர் தன்னுடையது. குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. மென்பொருளோ மேற்கத்தியப் பெயரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. கா. சிவத்தம்பி என்றால் "குடும்பப்பெயர்" புலத்தில் (நிரப்பும் பெட்டியில்) சிவத்தம்பி, "முதற்பெயர்" புலத்தில் கா. என்று இடுங்கள். பட்டியலில் "சிவத்தம்பி, கா." என்று வரும். உரைக்குள் "சிவத்தம்பி" மட்டும் வரும். வேண்டியது அதுதான்.

ஆனால் சில நடைகள் தமிழ் எழுத்தைக் கண்டால் காற்புள்ளியையோ இடைவெளியையோ விழுங்கிவிடும், தலைப்பெழுத்தை வெட்டவும் கூடும். ஆகவே இருநூறு நூலைப் பதியுமுன், மூன்றே மூன்று தமிழ்ப் பதிவுகளை இட்டு நீங்கள் தேர்ந்த நடையில் ஒரு சோதனைப் பட்டியல் எடுத்துப் பாருங்கள். சரியாக வராவிட்டால் பெயரின் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானால் ஒற்றைப் புலமாக மாற்றி, பட்டியலில் எப்படி வர வேண்டுமோ அப்படியே எழுதலாம். இதற்கு ஒரு விலை உண்டு: உரைக்குள்ளும் தலைப்பெழுத்தோடு வரும். தமிழ்க் கட்டுரையில் அது கண்ணை உறுத்தாது. நிறுவனப் பெயருக்கு எப்போதும் ஒற்றைப் புலம்தான். இல்லையென்றால் "யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்" என்பது "பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப்" என்று உடைந்து நிற்கும்.

ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல் இருப்பது இன்னொரு சிக்கல். சிவத்தம்பியின் நூல்களை ஆங்கில எழுத்து எஸ் வரிசையில் தேடினால் ஒரு பகுதிதான் கிடைக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையில் சகரம் ஆங்கில சி எழுத்தால் எழுதப்படுவதால் மீதி அந்த வரிசையில் இருக்கும். தேடும்போது இரண்டிலும் தேடுங்கள். எழுதும்போது நூலின் தலைப்புப் பக்கத்தில் அவர் தம் பெயரை எப்படி எழுதினாரோ அப்படியே எழுதுங்கள். ஒரே ஆசிரியரின் இரு நூல்களில் எழுத்துக்கூட்டல் வேறுபட்டால் ஒன்றைத் தேர்ந்து இரண்டுக்கும் இடுங்கள், இல்லையேல் பட்டியலில் அவர் இரண்டு பேராகிவிடுவார். புலவர், பண்டிதர், கலாநிதி, பேராசிரியர் போன்ற பட்டங்கள் பட்டியலில் வேண்டாம்.

5. பழைய நூலின் ஆண்டும் பதிப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த அச்சுகள் சிலவற்றில் கிறிஸ்தவ ஆண்டு இல்லாமல் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கும். கணக்குச் சுலபம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் முதலாவதான பிரபவ 1987 ஏப்ரலில் தொடங்கியது. 56ஆவது துந்துபி. ஆகவே துந்துபி 1862-63, 1922-23, 1982-83 ஆகியவற்றில் ஒன்று. வருடம் சித்திரையில் தொடங்குவதால் "துந்துபி வருடம் வைகாசி" என்றால் 1922, "துந்துபி வருடம் தை" என்றால் 1923. மார்கழி இரண்டு ஆண்டிலும் கால் வைப்பது, நாள் தெரிந்தால்தான் தீர்மானிக்கலாம். எந்தச் சுழற்சி என்பதை அச்சகத்தின் பெயர், எழுத்து வார்ப்பு, முன்னுரையில் குறிப்பிடப்படும் ஆட்கள் ஆகியவற்றைக் கொண்டு முடிவுசெய்யுங்கள். சாலிவாகன சகாப்த ஆண்டும் இருந்தால் அதோடு 78ஐக் கூட்டினால் போதும்: சகம் 1844 என்றால் 1922-23. நூலில் அச்சாகாத, நீங்கள் கணித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். ஐயமிருந்தால் [1923?] என்று கேள்விக்குறியோடு. எதுவுமே முடியாவிட்டால் "ஆ.இ.", அதாவது ஆண்டு இல்லை.

பிற்காலச் சஞ்சிகைகளில் ஒரு பொறி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தை என்றால் ஜனவரி, ஆடி என்றால் ஜூலை, மார்கழி என்றால் டிசம்பர் என்று எழுதும் வழக்கம் நன்றாக வேரூன்றியது. "ஆடி 1975" என்று அச்சிட்ட இதழ் பெரும்பாலும் ஜூலை இதழ். ஆனால் வருடப் பெயரோடு வரும் ஆடி, ஜூலை நடுவில் தொடங்கும் தமிழ் மாதம். பட்டியலில் அச்சில் உள்ளபடியே "ஆடி 1975" என்று விடுங்கள். மொழிபெயர்க்கப் போனால்தான் பிழைவரும்.

மறுபதிப்பில் மாணவர் அதிகம் தடுமாறுவார்கள். யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதியது. சி. பிரிட்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1879இல் வந்தது. குல. சபாநாதன் பதிப்பித்த தமிழ்ப் பதிப்பு வேறு. பிரிட்டோவின் மொழிபெயர்ப்புக்குப் புது டில்லி மறுபதிப்பும் உண்டு. "வைபவமாலை, ப. 33" என்று மட்டும் எழுதினால் இவற்றில் எதன் 33ஆம் பக்கம்? மொழிபெயர்ப்பைப் படித்தவர் மொழிபெயர்ப்பாளரையும் அந்தப் பதிப்பின் ஆண்டையும் சொல்ல வேண்டும். மறுபதிப்பைக் கையில் வைத்திருப்பவர் முதற்பதிப்பாண்டு, சாய்கோடு, மறுபதிப்பாண்டு என்ற முறையில் இரண்டையும் தர வேண்டும். ஜொட்டெரோவில் ஆண்டுப் புலத்தில் மறுபதிப்பாண்டை இட்டு, எக்ஸ்ட்ரா புலத்தில் ஆங்கிலத்தில் "ஒரிஜினல் டேட்" என்று எழுதி முக்காற்புள்ளியின் பின் முதற்பதிப்பாண்டை இட்டால் ஏபிஏ நடையில் இரண்டும் சேர்ந்து வரும்.

ஏபிஏ நடையில் சாதாரண நூல் இப்படி இருக்கும்:

இந்திரபாலா, கா. (2006). இலங்கைத் தமிழர்: ஓர் இனக்குழு ஆக்கம் பெற்ற வரலாறு. குமரன் புத்தக இல்லம்.

இதன் ஆங்கில நூல் 2005இல் வேறு தலைப்பில் வந்தது. இரண்டையும் படித்தீர்களென்றால் இரண்டு பதிவு. ஒன்றின் பக்க எண்ணை மற்றதற்குக் கொடுக்காதீர்கள்.

6. நூலகம் தளத்தில் படித்த நூல்

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இல்லாமல் இன்று ஈழத்து ஆய்வு நடக்காது. அங்கே ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. அந்த எண்ணைக் கட்டாயம் பதியுங்கள். இணைய முகவரி மாறினாலும் எண்ணைக் கொண்டு தேடலாம். ஜொட்டெரோவில் "ஆர்க்கைவ்" புலத்தில் நூலகம் என்றும் அடுத்துள்ள இடப் புலத்தில் அந்த எண்ணையும் இடுங்கள்.

தளத்தின் விவரப் பக்கத்தில் உள்ள ஆண்டையும் பதிப்பகத்தையும் அப்படியே நகல் எடுக்க வேண்டாம். அது பட்டியலிட்டவரின் பதிவு. ஸ்கானில் தலைப்புப் பக்கமும் அதன் பின்புறமும் இருக்கின்றன, திறந்து பாருங்கள். பக்க எண்ணிலும் கவனம் வேண்டும். பிடிஎஃப் காட்டும் 14ஆவது பக்கம், அட்டையும் முன்னுரையும் சேர்ந்து எண்ணப்பட்டது, அச்சில் அது 6ஆம் பக்கமாக இருக்கலாம். மேற்கோளில் வர வேண்டியது பக்கத்தின் மேலோ கீழோ அச்சிட்டிருக்கும் எண். அச்சில் எண்ணே இல்லாவிட்டால் மட்டும் "பிடிஎஃப் ப. 14" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சாதாரண இணையப் பக்கங்கள் நிலையில்லாதவை. உள்ளூர்ச் செய்தித் தளங்கள் பெயர் மாறும், மூடப்படும், பழைய செய்திகளின் இணைப்பு முறியும். மேற்கோள் காட்டும் அன்றே இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்து, சேமித்த முகவரியையும் பார்த்த திகதியையும் பதிவில் இடுங்கள். இரண்டு நிமிட வேலை.

7. கைந்நூல்களில் இல்லாத மூலங்கள்

யாழ்ப்பாணத்தில் ஆய்வு செய்பவருக்கு மிகப் பெறுமதியான பொருள் பல நேரம் கடையில் விற்காத வெளியீடுகளில் இருக்கும்: கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், சனசமூக நிலைய வெளியீடு, ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாளில் வரும் நினைவு மலர். ஏபிஏயிலும் சிக்காகோவிலும் இவற்றுக்கென்று தனி விதி இல்லை. நூலைப் போலவே கையாளுங்கள்: கட்டுரை ஆசிரியர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, மலர்க் குழுவைப் பதிப்பாசிரியராக, மலரின் தலைப்பு, பக்கம், வெளியிட்ட கோயிலோ பாடசாலையோ. முடிவில் சதுர அடைப்புக்குள் [கும்பாபிஷேக மலர்] என்று வகையைச் சொல்லுங்கள். பிரதி எங்கே இருக்கிறது என்பது இங்கே கட்டாயம். தனியார் வீட்டில் பார்த்தீர்களென்றால் "தனியார் சேகரிப்பு, ஊர்" போதும், வீட்டுக்காரரின் பெயரை அவர் அனுமதியில்லாமல் போடாதீர்கள். நினைவு மலர்களில் வம்சாவளியும் குடும்ப விவரமும் இருக்கும். ஆய்வுக்குத் தேவையான அளவுக்கு மேல் எடுக்காமலிருப்பது மரியாதை.

பத்திரிகைக்குத் தலைப்பு, பத்திரிகைப் பெயர், முழுத் திகதி, பக்கம் நான்கும் வேண்டும். வெட்டி ஒட்டிய கத்தரிப்பு மட்டும் கையில் இருந்து திகதி இல்லையென்றால் அதைச் சான்றாக வைக்குமுன் முழு இதழைத் தேடுங்கள். 1841இல் தொடங்கிய உதயதாரகை போன்ற இருமொழிப் பத்திரிகையில் தமிழ்ப் பத்தியா ஆங்கிலப் பத்தியா என்பதையும் குறியுங்கள், இரண்டும் ஒன்றன் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டுமென்பதில்லை.

சட்டங்களுக்கு எண்ணும் ஆண்டும்தான் அடையாளம்: 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், பிரிவு எண்ணோடு. திருத்தச் சட்டங்கள் வந்திருந்தால் திருத்தியதன் எண்ணும். வர்த்தமானிக்கு அதன் இலக்கம், திகதி, அதிவிசேடமா சாதாரணமா என்பது.

புள்ளிவிவரத்தில் ஒரு எச்சரிக்கை. 2001 குடிசன மதிப்பீட்டை யாழ்ப்பாண மாவட்டத்தில் முழுமையாக நடத்த முடியவில்லை. 1981க்குப் பிறகு முதன்முறையாக நாடு முழுவதும் நடந்தது 2012இல்தான். ஆகவே "2001 குடிசன மதிப்பீட்டின்படி யாழ். மாவட்டச் சனத்தொகை" என்று ஒரு கட்டுரையில் கண்டால் அதை நகல் எடுக்காதீர்கள். அது மதிப்பிட்ட தொகையாக இருக்கும். யார் எப்படி மதிப்பிட்டார்கள் என்று மூலத்துக்குப் போய்ப் பாருங்கள்.

நேர்காணல் இரண்டு வகை. ஒரு அறிஞரோடு பேசியோ மின்னஞ்சலிலோ பெற்ற தகவல் ஏபிஏயில் "தனிப்பட்ட தொடர்பு" என்று திகதியோடு உரைக்குள் மட்டும் வரும், பட்டியலில் வராது. ஆய்வுக்குத் தகவல் தந்த கிராமத்தவர், மீனவர், ஆசிரியர் ஆகியோர் உசாத்துணையே அல்ல, ஆய்வுத் தரவு. அவர்களை "பங்கேற்பாளர் 4, பெண், வயது 62" போலக் குறியீட்டில் தாருங்கள். பெயர்ப் பட்டியலைப் பின்னிணைப்பில் போடும் பழக்கம் நிற்க வேண்டும். போர்க்காலம், காணி, கடன் பற்றிப் பேசியவருக்கு அது தீங்காகலாம்.

8. நீங்கள் பார்க்காத மூலம்

விமர்சகர் க. கைலாசபதியின் கட்டுரையில் ஒரு பழைய நூலின் மேற்கோள் இருக்கிறது என்று வையுங்கள், அந்த நூல் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அப்போது பழைய நூலை நீங்களே படித்தது போல் பட்டியலில் இடக்கூடாது. உரையில் பழைய நூலாசிரியர் பெயரைச் சொல்லி "கைலாசபதியில் மேற்கோள் காட்டப்பட்டது" என்று எழுதுங்கள், பட்டியலில் கைலாசபதி மட்டும். முதலில் தேடிவிட்டுத்தான் இந்த வழிக்கு வர வேண்டும்: மேலே சொன்ன நூலகம் தளம், ஆவணகம் என்ற எண்ணிமக் காப்பகம், யாழ். பல்கலைக்கழக நூலகம், கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மூலம் எங்குமே கிடைக்காதபோது, யார் எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினார் என்பதை அடிக்குறிப்பில் விரிவாகச் சொல்லுங்கள். இங்கே அந்த அடிக்குறிப்பு ஆய்வின் பங்களிப்பாகவே மாறலாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் உசாத்துணைகளும் இந்தப் பிரிவில்தான் அடங்கும். அவை உண்மையான ஆசிரியர் பெயரை இல்லாத தலைப்போடும் நம்பத்தக்க டிஓஐயோடும் சேர்த்துத் தரும். தமிழாய்வில் இது இன்னும் மோசம். டிஓஐயை உலாவியில் இட்டு அதே கட்டுரை திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காததும், நூலகப் பட்டியலில் இல்லாததும், நீங்கள் கண்ணால் பார்க்காததும் பட்டியலுக்குள் வரக்கூடாது.

9. வேர்டில் எழுதும்போது

வேர்டில் ஜொட்டெரோ தாவல் தெரியும். மேற்கோள் வர வேண்டிய இடத்தில் "ஆட்/எடிட் சைட்டேஷன்" அழுத்தி, நூலைத் தேர்ந்து, தோன்றும் பெயர்க் குமிழைச் சொடுக்கிப் பக்க எண்ணை அங்கேயே இடுங்கள். மேற்கோளுக்குள் கையால் பக்க எண்ணைச் சேர்த்தால் அடுத்த புதுப்பிப்பில் அது அழிந்துபோகலாம். "சிவத்தம்பி (1978) கூறுவது" என்று வசனத்துக்குள் பெயர் வந்துவிட்டால் ஆசிரியரை மறைக்கும் தெரிவை இடுங்கள். பட்டியலுக்கு "ஆட்/எடிட் பிப்ளியோகிரபி" ஒருமுறை அழுத்தினால் போதும், மேற்கோள் கூடக் கூட அதுவே வளரும். லிப்ரஒபிஸிலும் கூகுள் டொக்ஸிலும் இதே வழிதான். ஒரே ஆவணத்தை இரண்டு மென்பொருளுக்கிடையே மாற்றி மாற்றித் திறக்காதீர்கள், மேற்கோள் இணைப்புகள் அறுந்துவிடும்.

யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரைகள் நம்மிடம் இன்னும் ஏராளம். அவற்றின் பிடிஎஃபில் இருந்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வரும். யுனிகோட் மாற்றியில் இட்டு மாற்றி, ஒற்று, கொம்பு, கால் எல்லாவற்றையும் மூலத்தோடு ஒப்பிட்டபின்தான் ஜொட்டெரோவில் இடுங்கள். பாமினியிலேயே பதிவை வைத்திருந்தால் தேடலில் அகப்படாது, அகரவரிசையும் குலையும்.

அகரவரிசையை யுனிகோடிலும் நம்ப வேண்டாம். எண் வரிசைப்படி மட்டும் அடுக்கும் மென்பொருளில் றகரம் ரகரத்துக்கு அடுத்தும், னகரம் நகரத்துக்கு அடுத்தும், வகரம் ழகரத்துக்குப் பின்னும் நிற்கும். நம் வரிசை ய ர ல வ ழ ள ற ன. பட்டியலை அச்சிட்டு, விரலால் தொட்டுக்கொண்டே போய்ச் சரிபாருங்கள்.

10. ஒப்படைக்கும் முன் ஒரு முழு நாள்

உரையில் உள்ள ஒவ்வொரு மேற்கோளுக்கும் பட்டியலில் பதிவு இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உரையில் வருகிறதா என்று அச்சுப் பிரதியில் பேனாவால் குறியிட்டுப் பாருங்கள். படித்தேன் என்பதற்காக மேற்கோள் காட்டாத நூல்களைப் பட்டியலில் நிரப்ப வேண்டாம், நிரப்புவது ஏபிஏயில் பிழை. பிறகு பத்து மேற்கோளைக் குலுக்கலாகத் தேர்ந்து மூலத்தை எடுத்துப் பக்கத்தையும் சொற்களையும் ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு பிழைத்தால் முழுவதையும் ஒப்பிட வேண்டியதுதான்.

தமிழ்க் கட்டுரையில் "மற்றும் பிறர்", "பதி.", "பக்." ஆகியவற்றுக்குப் பதிலாக ஆங்கிலச் சுருக்கங்கள் நின்றால் அவற்றைக் கடைசியில்தான் மாற்றலாம். கோப்பை வேறு பெயரில் சேமித்து, அந்தப் பிரதியில் மட்டும் "அன்லிங்க் சைட்டேஷன்ஸ்" அழுத்துங்கள். மேற்கோள்கள் சாதாரண எழுத்தாகிவிடும், கையால் திருத்தலாம். மூலக் கோப்பில் அழுத்திவிட்டால் மீட்க வழியில்லை. மேற்பார்வையாளர் திருத்தம் கேட்டால் இணைப்புள்ள கோப்பில் திருத்தி, மறுபடி புதுப் பிரதி எடுத்து, மறுபடி அன்லிங்க் செய்யுங்கள். இரண்டு கோப்புகளின் பெயரிலும் திகதியை இட்டு வைத்தால் எது எதுவென்று தேடி அலைய வேண்டியிராது.